மார்க் நம் கையில் இருக்கும்வரை

போன வருஷம் ஒரு சனிக்கிழமை, தர்மபுரி பேருந்து நிலையத்தில் அரூர் வண்டிக்காக நின்றிருந்தேன். நெற்றியில் விபூதி, கையில் ஹெல்மெட்டோடு ஒருவர் வந்து, "மேடம், என்னைத் தெரியுதா? ரெண்டாம் வருஷ லேப்ல ஒரே நாள்ல மூணு பிப்பெட்டை உடைச்சேனே" என்றார். மூன்று பிப்பெட் என்றதும் தெரிந்துவிட்டது. இப்போது காரிமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியராம். டீ வாங்கிக் கொடுத்தார். பேச்சுவாக்கில், "நீங்க குடுத்த அந்தச் சின்ன பைபிள் இன்னும் வீட்டு பீரோல இருக்கு மேடம். அன்னிக்கு வாங்கலைன்னா பிராக்டிகல்ல கை வெச்சிடுவீங்களோன்னு பயந்துதான் வாங்கினேன்" என்று சிரித்தார்.

அவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அந்த டீ இறங்கவில்லை.

அது 2003 டிசம்பர். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம். லேப் முடிந்து கை கழுவிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு கையடக்கப் புதிய ஏற்பாடு கொடுத்தேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு கையையும் நீட்டித்தான் வாங்கினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்லும்போது, "23 பேரும் ஆவலோடு வாங்கிக்கொண்டார்கள்" என்றேன். ஆவலாம்!

இந்த வருஷம் எங்கள் சபைப் பிள்ளைகள் மூன்று பேர் கல்லூரி ஆசிரியர்கள் ஆகியிருக்கிறார்கள். ஒருத்தி அரசுக் கல்லூரியில், ஒருவன் ஓசூர் பக்கம் பொறியியல் கல்லூரியில், இன்னொருத்தி கௌரவ விரிவுரையாளராக. "விசுவாசியாக இருந்துகொண்டு இந்த வேலையை எப்படிச் செய்வது என்று வாலிபர் கூட்டத்தில் சொல்லுங்கள்" என்று ஆயர் கேட்டார். அரை மணி நேரத்தில் கால்வாசிகூடச் சொல்ல முடியவில்லை. மீதியை இங்கே எழுதுகிறேன். நான் இருப்பது அரசுக் கல்லூரி, வேதியியல் துறை. சொல்வதெல்லாம் அங்கே நின்று பார்த்தது.

நாற்காலியின் எடை

முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அரசமைப்புச் சட்டத்தின் 25-ஆவது கூறு நம் மனச்சாட்சிக்கும் மதத்துக்கும் சுதந்திரம் கொடுக்கிறது. நம் ஆட்கள் அதை மனப்பாடமாகச் சொல்வார்கள். 28-ஆவது கூறைச் சொல்ல மாட்டார்கள். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் மதபோதனை கூடாது என்கிறது அது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற நிலையத்திலும், ஒருவருடைய சம்மதம் இல்லாமல் அவரை மதபோதனையில் உட்காரவைக்கக் கூடாது. மைனர் என்றால் காப்பாளரின் சம்மதம் வேண்டும். ஆகவே வகுப்பறையில் பிரசங்கம் இல்லை. கரும்பலகையில் தினம் ஒரு வசனம் இல்லை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் காலை வசனமும் இல்லை. அந்தக் குழுவில் பிள்ளைகள் இருப்பது டைம்டேபிள் பார்க்க.

சட்டம் இல்லாவிட்டாலும் இதைத்தான் சொல்வேன். நூறில் 25 மார்க் இன்டர்னல் நம் கையில். பிராக்டிகலில் அதைவிடக் கூடுதல். வருகைப்பதிவு நம் கையில். பென்னாகரத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வருகிற, வீட்டில் முதல்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்த பிள்ளைக்கு நாம் யார்? நாம் "டீ குடிக்கிறியாப்பா?" என்று கேட்டாலே அது அவனுக்கு உத்தரவு மாதிரிதான் கேட்கும். அப்படிப்பட்டவனிடம் "ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வாயேன்" என்றால், அவன் வருவது யாருக்காக?

என் விதி இது. ஒரு மாணவனுடைய மார்க் என் கையில் இருக்கும்வரை, என் விசுவாசத்தைப் பற்றி நானாக அவனிடம் பேச்செடுக்க மாட்டேன். கடைசி செமஸ்டர் முடிவு வந்து, டிசி வாங்கிக்கொண்டு போன பிறகு அவனாக வந்து கேட்டால் அது வேறு. பேதுரு எழுதியதிலும், "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" உத்தரவு, அதாவது பதில், சொல்லத்தான் ஆயத்தமாயிருக்கச் சொல்கிறார். கேட்கிறவர்களுக்கு!

அதற்காக ஒளித்துவைக்கவும் வேண்டாம். என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு சிறிய சிலுவைப் படம் இருக்கிறது. பக்கத்து மேஜையில் முருகன், எதிர் மேஜையில் பெரியார். யாரும் யாரையும் எதுவும் கேட்டதில்லை.

கிறிஸ்தவக் கல்லூரியில் வேலை கிடைத்தவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. அங்கே வேறு சிக்கல். விசுவாசமே அங்கே பதவி உயர்வுக்கு ஒரு தகுதியாகிவிடும். யார் ஜெபக் கூட்டத்துக்கு வந்தார்கள் என்று எண்ணுகிற கண்கள் இருக்கும். எனக்கு அதில் அனுபவம் இல்லை, ஆகவே விட்டுவிடுகிறேன்.

சபையிலிருந்து வரும் சிபாரிசு

வெளியிலிருந்து சோதனை வரும் என்றுதான் எல்லோரும் எச்சரிப்பார்கள். எனக்கு வந்ததெல்லாம் நம் பெஞ்சிலிருந்துதான். வேல்யூவேஷன் தொடங்குகிற வாரம் ஆராதனை முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். சபையில் மூத்த பெரியவர் ஒருவர் கிட்டே வந்து, "டீச்சரம்மா, நம்ம பேரன் கெமிஸ்ட்ரி அரியர் எழுதியிருக்கான். நம்ம சபைப் பையன். கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்றார். கையில் மடித்த காகிதம். பதிவெண்.

காகிதத்தை வாங்கக் கூடாது. அதுதான் முதல் பாடம். வாங்கி, பையில் போட்டு, ஒன்றும் செய்யாமல் விட்டுவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால், பையன் தானாகப் படித்துத் தேறினாலும் "டீச்சரம்மா போட்டுக் கொடுத்தாங்க" என்றுதான் பேச்சு வரும். நான், "ஐயா, தாள்ல பேரே இருக்காது, டம்மி நம்பர்தான். இருந்தாலும் நான் செய்ய மாட்டேன். பையனைச் சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்புங்க, அடுத்த பரீட்சைக்கு நான் சொல்லித் தர்றேன்" என்றேன். பையன் வரவில்லை. பெரியவர் எட்டு மாதம் என்னோடு பேசவில்லை. திருவிருந்து நாளில் எனக்கு முன்னால் நின்றிருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டு வேறு வரிசைக்குப் போனார். வலித்தது. இன்றைக்கும் அந்த வீட்டு விசேஷத்துக்கு அழைப்பிதழ் வந்தால் என் பெயரில் வருவதில்லை, என் கணவர் பெயரில் வருகிறது.

"கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்" என்பது நீதிமொழிகள். கடைக்காரர்களுக்குச் சொன்னது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வேல்யூவேஷன் கேம்ப்பில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், அது யாருக்கு என்று.

தாள் திருத்துவதற்குக் கைப்பக்குவமாக இரண்டு மூன்று விஷயங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கை இறுகும். காலையில் ஆறு போட்ட விடைக்கு மதியம் நாலரைதான் விழும். அதனால் சாப்பிட்டுவிட்டு வந்ததும் காலையில் திருத்திய இரண்டு தாளை எடுத்து மறுபடி படிப்பேன். கை சரியான அளவுக்கு வந்த பிறகுதான் புதுக் கட்டைப் பிரிப்பேன். இரண்டு மார்க்கில் தவறப்போகிற தாள் வந்தால் சும்மா இரண்டு மார்க் போட்டுத் தள்ளுவது இரக்கம் மாதிரித் தெரியும். அடுத்த கட்டில் உள்ள பிள்ளைக்கு அது அநியாயம். அந்தத் தாளை முதல் பக்கத்திலிருந்து திரும்பப் படியுங்கள். தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளைகள் நம் மாவட்டத்தில் அதிகம். எழுத்துப்பிழைக்குள் விடை ஒளிந்திருக்கும். சமன்பாடு சரியாக இருந்து விளக்கம் உளறலாக இருக்கும். பல தடவை அந்த இரண்டு மார்க் அங்கேயே, நியாயமாகவே கிடைத்திருக்கிறது. கிடைக்காத தடவையும் உண்டு.

நான் கையெழுத்துப் போட்ட பக்கம்

ஆராய்ச்சியில் நேர்மை என்று எல்லோரும் பேசுவார்கள். பிளேஜியரிசம், அதாவது எழுத்துத் திருட்டு, பற்றிய பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி ஆய்வேட்டில் பத்து சதவீதம் வரை பிறர் எழுத்தோடு ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. அந்தப் பத்துக்குள் கொண்டுவர வார்த்தைகளை மாற்றிப் போட்டுத் தரும் கடைகள் இருக்கின்றன. பணம் கட்டினால் பத்தே நாளில் கட்டுரை போடும் இதழ்களும் இருக்கின்றன. இதெல்லாம் தப்பு என்று உங்களுக்கே தெரியும்; அதைச் சொல்ல நான் வேண்டாம். வலையில் சிக்குவது வேறு மாதிரி. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மண்ணில் கிரானைட்டும் நைஸ் (gneiss) என்ற பாறையும்தான். அதிலுள்ள கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு கசிந்து ஆழ்துளைக் கிணற்று நீரில் கலக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. அதைத் தாண்டிய தண்ணீரைச் சிறு வயதில் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை விழும். பிறகு நல்ல தண்ணீர் குடித்தாலும் போகாது. என் வகுப்பில் சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்ளும் பெண்பிள்ளைகளை வைத்தே எந்த ஊர்ப் பக்கம் என்று சொல்லிவிடலாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்தது, நிறைய மாறியிருக்கிறது. ஆனாலும் குழாயில் வராத நாளில் ஜனங்கள் போர்வெல் தண்ணீர்தானே பிடிக்கிறார்கள்.

அதனால் என் ஆய்வு மாணவர் ஒருவரும் நானும் 42 போர்வெல்களில் தண்ணீர் எடுத்து அளந்தோம். ஃபுளோரைடு எலக்ட்ரோடில் அளப்பது. முடிவுகள் பயங்கரமாக இருந்தன. மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பினோம், ஏற்றுக்கொண்டார்கள். ஒரு ஊரில் மட்டும், "இந்த போர் தண்ணிய குடிக்காதீங்க, 2.4 இருக்கு" என்று ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லிவிட்டும் வந்துவிட்டோம். இரண்டு வாரம் கழித்து அந்த ஊரிலிருந்து ஒருவர் ஒரு காகிதத்தோடு கல்லூரிக்கே வந்தார். அரசு ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தார்களாம். அதே போர். 1.1.

"அவங்க அளவு தப்பா இருக்கும் மேடம், நம்ம எலக்ட்ரோடு ஸ்லோப் 58 வருது, பர்ஃபெக்ட்" என்றார் ஆய்வு மாணவர். ஸ்லோப் என்பது அளவுக்கோட்டின் சரிவு. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ராத்திரி தூக்கம் வரவில்லை. 2.4-ஐ 1.1-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 2.2. அந்த எண்ணை எங்கேயோ பார்த்திருக்கிறேன். காலையில் ஓடிப்போய் அவருடைய லேப் நோட்டைப் பிரித்தேன். நியமக் கரைசல் (எலக்ட்ரோடை அளவுக்குக் கொண்டுவரப் போடும், செறிவு தெரிந்த கரைசல்) தயாரித்த பக்கம்: சோடியம் ஃபுளோரைடு, 1.000 கிராம், ஒரு லிட்டர். லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் ஃபுளோரைடு வேண்டுமென்றால் சோடியம் ஃபுளோரைடு 2.21 கிராம் போட வேண்டும். சோடியத்தின் எடையை யார் கழிப்பது? எல்லா நியமக் கரைசலும் ஒரே விகிதத்தில் தப்பு, அதனால்தான் ஸ்லோப் ஒழுங்காக வந்து எங்களை ஏமாற்றியிருக்கிறது. அந்தப் பக்கத்தின் அடியில் பச்சை மையில் என் கையெழுத்து. படிக்காமல் போட்டது.

நிறைகல்லே பொய்யாகிவிட்டது பாருங்கள்.

மாணவர் அழுதேவிட்டார். "மாநாட்டுல யாரு மேடம் செக் பண்ணப் போறாங்க, அடுத்த பேப்பர்ல திருத்திக்கலாமே" என்றார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்கு உதவித்தொகை முடிய ஏழு மாதம்தான் இருந்தது. எல்லா எண்ணையும் 2.21-ஆல் வகுத்தபோது "வரம்பைத் தாண்டியவை" பட்டியலில் பாதிக்கு மேல் காணாமல் போனது. மாநாட்டுக்கு மடல் எழுதிச் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றோம். புது நியமக் கரைசல் போட்டு 42-ஐயும் மறுபடி அளந்தோம். அப்புறம் இரண்டு பேரும் அந்த ஊருக்குப் போனோம். அதுதான் கஷ்டம். வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டில் போட்டு உட்காரவைத்தார்கள். "தப்பு எங்களோடது. உங்க போர் வரம்புக்குள்ளதான் இருக்கு. கையெழுத்துப் போட்டது நான்" என்றேன். ஒரு பாட்டி, "ரெண்டு வாரமா புள்ளைங்க ஒரு மைல் நடந்து தண்ணி தூக்குச்சுங்க" என்றார். சண்டைக்குச் சொல்லவில்லை, சும்மா சொன்னார். ராகிக் களியும் கீரைக் கடைசலும் போட்டுத்தான் அனுப்பினார்கள்.

செய்முறையாகச் சொன்னால்: ஆய்வு மாணவரின் நோட்டில் கையெழுத்துப் போடும் முன் கணக்கை நீங்களே ஒரு முறை போடுங்கள். தப்பு வந்தால் அதை "மாணவரின் தப்பு" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். "என் சகோதரரே, அதிக ஆக்கினையை அடைவோமென்று அறிந்து, உங்களில் அநேகர் போதகராகாதிருப்பீர்களாக" என்று யாக்கோபு எழுதியிருப்பது சபைப் போதகர்களுக்கு மட்டும் என்று நாம் வசதியாக ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வான வைவா அன்று புறத் தேர்வாளருக்கு பிரியாணி, சால்வை, கவர் என்று ஆய்வு மாணவரே செலவு செய்யும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. என் மாணவர்களின் வைவாவுக்குச் சாப்பாடு என் செலவு, கவர் கிடையாது. நான் தேர்வாளராகப் போகும்போது முந்தின நாளே போன் செய்து, "எனக்குத் தயிர் சாதம் போதும், வேற ஒண்ணும் வாங்காதீங்க" என்று மாணவரிடமே சொல்லிவிடுவேன். நேரில் மறுத்தால் அந்தப் பிள்ளைக்கு நடுக்கம் வந்துவிடும், நாம் கோபத்தில் இருக்கிறோமோ என்று.

பெயர்ப் பட்டியல்

ஜெபத்தைப் பற்றி நீளமாக எழுத மாட்டேன். நான் செய்வது ஒன்றுதான். விடியற்காலை ஐந்து மணிக்கு வகுப்புப் பெயர்ப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயராக வாசிப்பேன். 46 பெயர். அதிகம் பேசுவதில்லை. பெயரை வாசிக்கும்போது முகம் நினைவுக்கு வர வேண்டும். வராத பெயரை அன்றைக்கு வகுப்பில் தேடிப் பார்ப்பேன். இப்படித்தான் ஒரு பெண் ஒன்பது நாளாக வரவில்லை என்பது உறைத்தது. ரிஜிஸ்டரில் நானேதான் ஆப்சென்ட் போட்டிருக்கிறேன், உறைக்கவில்லை.

பாலக்கோடு பக்கம். கல்யாணம் பேசிவிட்டார்கள். பத்தொன்பது வயது, ஆகவே சட்டப்படி தடுக்க ஒன்றுமில்லை. துறைத் தலைவரிடம் சொல்லிவிட்டு, இன்னொரு மேடத்தையும் கூட்டிக்கொண்டு போனேன். இதைக் கவனியுங்கள்: தனியாகப் போகாதீர்கள், சொல்லாமல் போகாதீர்கள், போன இடத்தில் ஜெபம் செய்யட்டுமா என்று கேட்காதீர்கள். "சர்ச்சுக்கார அம்மா வந்து பொண்ணு மனச மாத்துது" என்று ஒரு வார்த்தை கிளம்பினால் அந்தப் பிள்ளையின் படிப்பு அதோடு முடிந்தது. அப்பா தக்காளித் தோட்டத்தில் கூடை அடுக்கிக்கொண்டிருந்தார். கல்யாணத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. "பரீட்சைய மட்டும் எழுத விடுங்கண்ணா" என்றேன். "பாக்கலாம் மேடம்" என்றார். எழுதவில்லை. இரண்டு வருஷம் கழித்து இடுப்பில் குழந்தையோடு அரியர் ஃபீஸ் கட்ட வந்து நின்றாள். ஆறு பேப்பர். இப்போது இரண்டுதான் பாக்கி.

பணத்தில் கவனமாக இருங்கள். ஃபீஸ் கட்ட முடியாத பிள்ளைக்குக் கட்டுங்கள், ஆனால் அலுவலகக் கிளார்க்கிடம் கொடுத்து, யார் கட்டியது என்று சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சபை நிதியிலிருந்து வாங்கிக் கட்டாதீர்கள். அந்தப் பணத்துக்குப் பின்னால் ஒரு அழைப்பிதழ் வந்துவிடும். உண்மையில் கைக்காசைவிட அதிகம் உதவுவது தாள் வேலை. முதல் பட்டதாரிச் சான்று வாங்கத் தெரியாமல் சலுகையை விட்ட பிள்ளைகள், 2022-இல் வந்த புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வர வேண்டியது வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்காததால் நின்றுபோன பெண்கள், வருஷா வருஷம் இருக்கிறார்கள். ஒரு மதிய இடைவேளையை அதற்கு ஒதுக்குங்கள்.

இன்னொன்று, நம் சபைப் பிள்ளைகளைப் பற்றி. காரிடாரில் பார்த்ததும் எல்லோர் முன்னாலும் "ஸ்தோத்திரம் தம்பி" என்று சொல்லிவிடாதீர்கள். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கு மட்டும் என்று இருந்தது. 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ஒரே குடும்பத்தில் ஒரே காலனியில், சான்றிதழில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அது நியாயமா, சட்டம் சரியா என்று நாம் வீட்டில் உட்கார்ந்து வாதாடலாம். காரிடாரில் நம் ஒரு வார்த்தை அவன் உதவித்தொகையைத் தொட்டுவிடும். அவனாக வாயைத் திறக்கும்வரை அவன் மதம் நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஸ்டாஃப் ரூம், ஆயுத பூஜை, மற்றவை

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் லேப்பைக் கழுவுவோம். நானும் புடவையைச் செருகிக்கொண்டு கழுவுவேன். அடுத்து அட்டெண்டர் அண்ணன் ஒவ்வொரு கருவிக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார். நான் பின்னால் நிற்பேன், கும்பிட மாட்டேன். அவருக்குத் தெரியும், எனக்குத் தட்டை நீட்டிச் சங்கடப்படுத்தியதில்லை. நான் ஒரே ஒரு கோரிக்கைதான் வைப்பேன்: "அண்ணே, தராசுக் கண்ணாடியில வையுங்க, எடைத் தட்டுல வேணாம், நாலாவது தசமம் ஆடும்." பொரிகடலை கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன். எங்கள் சபையிலேயே இதற்கு முகம் சுளிப்பவர்கள் உண்டு. விக்கிரகங்களுக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்பது பற்றி, பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் எட்டாம், பத்தாம் அதிகாரங்களை முழுதாகப் படித்துவிட்டு நீங்களே முடிவெடுங்கள். எதை முடிவெடுத்தாலும், அண்ணன் முகம் வாடாமல் செய்யுங்கள். டிசம்பரில் என் கேக்கை முதலில் வெட்டுகிறவர் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை போட்டித் தேர்வுக் கண்காணிப்பு வரும். எப்போதும் "எனக்கு ஆராதனை" என்று நழுவினால், அந்த வேலை இன்னொருவரின் ஞாயிற்றுக்கிழமையைத் தின்னும். நான் தீபாவளிக்கு முந்தின நாள் டியூட்டியை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையை மாற்றிக்கொள்வேன். மாற்ற முடியாத வாரம் சாயங்கால ஆராதனை.

கௌரவ விரிவுரையாளர்களிடம் நம் வேலையைத் தள்ளாதீர்கள். கௌரவம் பெயரில்தான் இருக்கிறது. பல துறைகளில் அவர்களுக்கு உட்கார நாற்காலிகூடத் தனியாக இல்லை. கட்டுரையில் அவர்கள் செய்த வேலைக்கு அவர்கள் பெயர் வர வேண்டும், முதலில் வர வேண்டுமென்றால் முதலில்.

சாதி. 2012 நவம்பர் 7-ஆம் தேதி தர்மபுரி பக்கம் தலித் மக்கள் வாழும் நத்தம் காலனியும் பக்கத்துக் காலனிகளும் சாதிக் கலவரத்தில் எரிந்த பிறகு, என் லேப்பில் யாரும் எதுவும் பேசவில்லை. எல்லாம் நின்ற இடத்தில் நின்றது. இரண்டு பேருக்கு ஒரு பியூரெட் என்று பதிவெண் வரிசையில் ஜோடி போட்டிருந்தேன். அடுத்த வாரம் ஒரு பையன் வந்து, "மேடம், பார்ட்னர மாத்திக் குடுங்க" என்றான். காரணம் கேட்கவில்லை. "பதிவெண் வரிசைதான்ப்பா, மாறாது" என்றேன். அன்றைக்கு நீளமாக ஒரு பேச்சுப் பேசலாமா என்று நாக்குத் துடித்தது. நம் கல்லறைத் தோட்டத்திலேயே இருக்கும் பிரிவை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். அந்த செமஸ்டர் முழுக்க அந்த இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஒருவன் பியூரெட்டைத் திருக, இன்னொருவன் குடுவையை ஆட்டித்தான் ஆக வேண்டும். ஆட்டினான்.

கேட்டால் என்ன சொல்வது

"நீங்க சயின்ஸ் படிச்சவங்க, ஆறு நாள்ல உலகம்னு நம்புறீங்களா மேடம்?" என்று எப்படியும் ஒருத்தன் கேட்பான். பாடத்தின் நடுவில் கேட்டால், "பெல் அடிக்கட்டும்" என்று சொல்லிவிடுங்கள். பக்கத்துத் துறையில் பரிணாமம் நடத்துகிறவரின் பாடத்தைச் சந்தேகப்படும்படி ஒரு வார்த்தையும் விடாதீர்கள். பட்டாணிச் செடியை வைத்து மரபியலைத் தொடங்கிய மெண்டல் ஒரு துறவி. பிரபஞ்சம் விரிவடைகிறது என்று 1927-இல் கணக்குப் போட்ட லெமேத்ரே கத்தோலிக்கக் குரு. தன் இயற்பியலை வேதத்துக்குச் சாட்சியாக இழுப்பதை அவரே விரும்பவில்லை. இந்த இரண்டு பெயரையும் சொல்லி, "ரெண்டையும் வெச்சுக்கிட்டு வாழ்ந்தவங்க இருக்காங்க, நானும் முயற்சி பண்றேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். ஜெயிக்கப் பார்க்க மாட்டேன்.

போன மே மாதம் ஒரு பெண் வந்தாள். மூன்று வருஷம் முதல் பெஞ்ச். டிசி வாங்கிவிட்டு, மதிப்பெண் பட்டியல் கவரைப் பிடித்துக்கொண்டு ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றாள். "மேடம், ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும். அந்த ஃபுளோரைடு விஷயத்துல நீங்க ஏன் ஊருக்கே போய்ச் சொன்னீங்க? சீனியர் அக்கா சொன்னாங்க. யாரும் கேக்கலையே?" என்றாள்.

இருபது வருஷமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதில் ஒன்றும் வாயில் வரவில்லை. "நான் இயேசுவைக் கும்பிடுறவம்மா. தராசு சரியா இருக்கணும்னு அவர் எதிர்பார்ப்பார்னு நம்புறேன். பயமாவும் இருந்துச்சு" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "எங்க வீட்ல குலசாமிக்கும் அப்படித்தான் மேடம், பொய் சத்தியம் பண்ணா விடாது" என்றாள். பிறகு, எம்.எஸ்ஸி. சேர ஒரு பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்றாள். உட்காரச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். இந்த முறை கையெழுத்துக்கு முன்னால் இரண்டு தடவை படித்தேன்.